மூன்று உருண்டைத் தட்டு

ஒரு தொழிற்சாலைக்கே சமைத்துப் போட்ட கை அது. அந்தக் கைக்கு முன்னால் கடைசியில் வந்து நின்றது, ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளி வைத்த மூன்று உருண்டை. வெள்ளையாக ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, சிமெண்டைக் குழைத்து வைத்தது போல ஒன்று. வெள்ளை உருளைக்கிழங்கு, ஆரஞ்சு கேரட், சிமெண்ட் கோழிக்கறி. கேண்டீன்காரம்மாவுக்குத் தட்டைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வரும், கோபம் அதற்கப்புறம்தான்.

"இந்தக் கோழி என்ன பாவம் பண்ணுச்சோ, செத்த பிறகும் விடாம அரைச்சிருக்காங்க" என்பாள் தட்டு கொண்டுவரும் பெண்ணிடம்.

கேண்டீன்காரம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கை மெல்ல வழிக்கு வந்தது, காலும் அரைகுறையாக வந்தது, பேச்சுக்கோ குறைவே இல்லை. தொண்டை மட்டும் பிடிவாதம் பிடித்தது. சாப்பிடுவது போகவேண்டிய வழியில் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிடும் என்று எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுத்தார்கள். தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கிவிடுவார்கள். தேநீருக்கும் அதே கதி. சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற பசையைச் சூடாகக் குடிப்பது போலிருக்கும். குடித்ததும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவாள்.

அந்தப் பராமரிப்பு இல்லத்தில் அவரவர் பார்த்த வேலைதான் அவரவர் பெயர். அறைக் கதவில் ஊழியர்கள் நிஜப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எதிர் அறையில் டிரைவர், அதற்கடுத்த அறையில் வாத்தியார். டிரைவர் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். இல்லத்தை அவர் இல்லம் என்று சொல்லமாட்டார், டிப்போ என்பார். காலையில் குளிப்பாட்டித் தலை வாரி, சக்கர நாற்காலிகளைக் கூடத்தில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும்போது, "வா, வா, வா, ஒடிச்சு வா, போதும்" என்று குரல் கொடுப்பது அவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவரே எடுத்துக்கொண்டது. வாத்தியார் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் செய்தித்தாள் வாசிப்பார். கணீரென்ற குரல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். காது கேட்காதவர்கள்கூட வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மூவருக்கும் ஜன்னலோர மேசை. அங்கே முதல் நாள் எந்த நாற்காலியில் உட்கார்கிறோமோ அது பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் கூடத்தில் அதே பேச்சுதான்.

மழைக்காலம். துவைத்த துணி காயாமல் தாழ்வாரம் முழுக்கத் தொங்கியது. படுக்கை விரிப்புகளை விலக்கி விலக்கித்தான் சாயங்காலம் மகள் உள்ளே வருவாள். பெரிய கடை ஒன்றில் பில் போடுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நின்ற கால். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, அம்மாவின் தலையைக் கோதி, காலுக்கு எண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு கரண்டியாக உருண்டையை ஊட்டிவிடுவாள். ஊட்டும்போது அவள் கண் அம்மாவின் முகத்தில் இருக்காது, தொண்டையில்தான் இருக்கும்.

"நீ சாப்டியாடி?"

"வர்ற வழியில சாப்ட்டேன்மா."

பொய். கேண்டீன்காரம்மாவுக்கு அது தெரியாதா? சாப்பிட்டுவிட்டு வந்தவன் முகமும் சாப்பிடாமல் வந்தவன் முகமும் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவள். போதாததற்கு மகளின் வயிறே கூப்பாடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இல்லத்துக்காரர்கள் வருகிறவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். மகள் அந்தத் தட்டுப் பக்கமே திரும்பமாட்டாள். தன் முன்னால் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை என்பதைத் தாய் கவனித்து வெகுநாள் ஆயிற்று. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஊருக்கெல்லாம் சோறு போட்டவள், பெற்ற பெண் பட்டினியாக உட்கார்ந்து ஊட்டிவிட, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மூன்று உருண்டையைவிட இதுதான் தொண்டையில் அடைத்தது.

அப்போதுதான் குடும்ப விருந்து பற்றிய பேச்சு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோருடைய வீட்டு மனிதர்களும் வந்து கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் அரைத்த சாப்பாட்டுக்காரர்களுக்கு மட்டும் முன்னதாகவே பக்கத்துச் சின்ன அறையில் ஊட்டி முடித்துவிடுவார்கள். கூட்டத்தில், பேச்சுச் சத்தத்தில் யாருக்காவது புரை ஏறினால் யார் கவனிப்பது என்று பயம். அந்த வாரம் விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் வருவாள்; அவள் சோதித்துப் பார்த்துச் சரி என்றால், அரைத்ததை விட்டு நறுக்கிய சாப்பாட்டுக்கு ஏறலாம், கூடத்தில் உட்காரலாம். கேண்டீன்காரம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்தால் மகளும் பக்கத்தில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? தட்டு வைத்தால் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

ஆசை இருந்தால் பயிற்சி செய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். செய்தாள். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி நாக்கை அண்ணத்தில் அழுத்தி, கழுத்தைத் தாழ்த்தி, எச்சிலை விழுங்கி விழுங்கிக் காட்டினாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. டிரைவர் குறுக்கே வந்தார்.

ஒரு மதியம் அவர் தன் தட்டிலிருந்த கோழிக்கறியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கேண்டீன்காரம்மா தன் உருண்டையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பல் செட்டு இப்பல்லாம் கடிக்க மாட்டேங்குதும்மா. ஈறு சுருங்கிப் போச்சு போல" என்றார் டிரைவர், ரகசியம் போல.

"சிஸ்டர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"சொன்னா பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவாங்க. அவன் இருக்கிற ஈறையும் பிடுங்கிடுவான். அந்த உருண்டை நல்லா மெத்துனு இருக்கில்ல?"

"பஞ்சு மெத்தை மாதிரி."

தட்டு கொண்டுவரும் பெண் முதுகைக் காட்டியதும் தட்டுகள் இடம் மாறின. அவ்வளவுதான். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இருவருக்கும் திருவிழாவாகிவிட்டது. கேண்டீன்காரம்மா அசட்டுத்தனமாக ஒன்றும் சாப்பிடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சுண்டைக்காய் அளவு எடுத்து, மாவாகும்வரை மென்று, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கினாள். கோழிக்கறியின் நாரை நாக்கு மறுபடி தொட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகு போதாது என்றும் தோன்றியது.

வாத்தியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காட்டிக் கொடுக்கவில்லை. தன் ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு மெல்ல உறிஞ்சிக்கொண்டு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருந்தார். கொஞ்ச நாளாக அவர் செய்தித்தாளும் வாசிப்பதில்லை. யார் மேல் என்ன கோபமோ என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். சிலர் சமாதானத் தூதுகூடப் போனார்கள். கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

வினை ஒரு பட்டாணி உருவில் வந்தது. அன்று டிரைவர், நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வாத்துக் கூட்டத்துக்கு வழி விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பயணிகள் கத்துகிறார்கள், வாத்துகள் அசையவில்லை, கடைசியில் கண்டக்டர் இறங்கி விசில் ஊத, வாத்துகள் ஒவ்வொன்றாகப் பஸ்ஸில் ஏறிவிட்டன. வாயில் பட்டாணியை வைத்துக்கொண்டு கேட்கிற கதையா இது? கேண்டீன்காரம்மா சிரித்துவிட்டாள். பட்டாணி வழி தவறியது.

இருமல் வந்தது. நிற்கவில்லை. முகம் சிவந்து கண் பிதுங்கியது. டிரைவருக்குக் கை கால் ஓடவில்லை. மணியை அழுத்திய கையை எடுக்கவே இல்லை; போதாததற்கு "வண்டிய நிறுத்துங்க, வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினார். சிஸ்டர் ஓடிவந்து, குனியவைத்து முதுகில் தட்டத் தட்டப் பட்டாணி மேசைமேல் வந்து விழுந்தது. முழுசாக. மூச்சு திரும்பியது. சிஸ்டர் பட்டாணியைப் பார்த்தாள், டிரைவரின் தட்டில் பாதி காலியான உருண்டைகளைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

சிஸ்டர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, குரலை மட்டும் தாழ்த்திச் சொன்னாள்: "இனிமே உங்களுக்குச் சின்ன ரூம்லதான் சாப்பாடு. இந்த வாரம் டெஸ்ட் கிடையாது. உங்க பொண்ணுக்குப் போன் பண்ணப் போறேன்."

மகள் குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே வந்தாள். கடை உடுப்பிலேயே வந்திருந்தாள், மார்பில் பெயர் அட்டை தொங்கியது. கதவருகே நின்று அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று கேண்டீன்காரம்மா தயாராக இருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"உனக்கு என்ன வேணும்மா? சொல்லு. உருண்டை பிடிக்கலையா? வேற மாதிரி அரைக்கச் சொல்றேன். டெஸ்டே வேணாம். கடைசி வரைக்கும் அரைச்சதே சாப்பிடு. நீ இருந்தா போதும்."

"நான் இருக்கேன். நீ எங்க சாப்பிடற?"

மகள் நிமிர்ந்தாள்.

"என் முன்னாடி உட்கார்ந்து நீ ஒரு வாய் சாப்ட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நான் என்ன உனக்கு வேத்தாளா?"

ஜன்னலில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான்தானேம்மா ரொட்டி குடுத்தேன். நானும் சாப்ட்டுக்கிட்டே உனக்கும் பிச்சுக் குடுத்தேன். உனக்கு மூச்சு நின்னப்ப என் வாயிலயும் ரொட்டி இருந்துச்சு. இப்ப உன் முன்னாடி வாயில எதை வெச்சாலும் அதே ருசிதான் வருது. இறங்க மாட்டேங்குது."

கேண்டீன்காரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. தனக்குத்தான் தொண்டையில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, மகளுக்கும் அதே இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அவள் நல்ல கையால் மகளின் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். நெஞ்சு கனத்தது. ஆனால் கனத்த நெஞ்சோடு சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள்.

"ரொட்டி நீ குடுத்த, சரி. அவக்கு அவக்குனு முழுங்கினது யாரு? ஒரு வாரமா பட்டினி கிடந்தவ மாதிரி முழுங்கினேன். உன் மேல ஏன்டி பழி போட்டுக்கற?"

மகள் அழுகையோடு சிரித்தாள். அந்த இடைவெளியில் தாய் காரியத்தைச் சாதிக்கப் பார்த்தாள். டெஸ்ட் நடக்கட்டும், நீயும் பக்கத்தில் நில் என்றாள். மகள் கொஞ்சமும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் தப்பிக்கிற வழியாக, சிஸ்டர் ஒத்துக்கொண்டால் தானும் ஒத்துக்கொள்வதாகச் சொல்லிவைத்தாள். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்ற தைரியம்.

சின்ன அறைக்குக் கதவு இருந்தது, கூடத்தைப் பார்த்தபடி. மறுநாள் மதியம் கேண்டீன்காரம்மா அங்கே தனியாக உட்கார்ந்து உருண்டையைக் கிளறிக்கொண்டே, ஜன்னலோர மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாத்தியார் பாலில் ரொட்டி. தட்டுகள் திரும்பிப் போகும்போது பார்த்தாள். எத்தனையோ வருடம் திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தே மறுநாள் சமையலை முடிவு செய்தவள். அந்தப் பழக்கம் எங்கே போகும்? இரண்டு தட்டிலும் கறி அப்படியே. இரண்டு தட்டிலும் காய் அப்படியே. டிரைவருக்கு எப்போது பல் மக்கர் செய்ய ஆரம்பித்தது? மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லி இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார்களே, அந்தப் பெரிய சுத்தத்துக்கு அப்புறம். வாத்தியார் எப்போது வாசிப்பதை நிறுத்தினார்? அவளுக்குக் கரண்டி பாதியில் நின்றது.

"சிஸ்டர், பல் செட்டு போட்டு வைக்கிற டப்பாவுல பேரு எங்க ஒட்டியிருக்கு?"

"மூடி மேல. ஏன்?"

"டப்பாவுல இல்லையா?"

"இல்ல, மூடியில…" என்று சொன்ன சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டாள்.

பெரிய சுத்தத்தன்று மூடிகளையெல்லாம் மொத்தமாகக் கழுவி, கைக்கு வந்ததை எடுத்துக் கைக்கு வந்த டப்பாவில் மூடியிருந்தார்கள். அதில் இந்த இருவருடையதும் இடம் மாறிவிட்டது. அன்றிலிருந்து டிரைவர் வாயில் வாத்தியார் பல், வாத்தியார் வாயில் டிரைவர் பல். டிரைவர் ஈறு சுருங்கிவிட்டது என்று நினைத்தார். வாத்தியாருக்கோ அதைவிடப் பெரிய பயம். 'ச' சொன்னால் விசில் வந்தது. மூளையில் ஏதோ ஆகிவிட்டது, அடுத்தது பேச்சே போய்விடும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், வாயை இறுக மூடிக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருந்தார் மனிதர்.

இருவரையும் கை கழுவும் தொட்டிக்கு அழைத்துப்போய், பல் செட்டுகளைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசி, கிருமி மருந்தில் ஊறவைத்து, அவரவர் பல்லை அவரவரிடம் கொடுத்தார்கள். வாத்தியார் கண்ணாடியைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "சாயங்காலச் செய்தி." விசில் இல்லை. இன்னொரு முறை சொன்னார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டிரைவர் வாயை அசைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா நான் இங்கிலீஷ் கிராமரை வாயில வெச்சுக்கிட்டா திரிஞ்சேன்" என்றார்.

சிஸ்டருக்கு முகம் வாடிவிட்டது. தப்பு தன் பக்கமும் இருக்கும்போது ஒருத்தரை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை என்று நினைக்கிற நல்ல மனது அவளுக்கு. அவளே விழுங்கும் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். சிஸ்டர் ஒத்துக்கொண்டதும், வாக்குக் கொடுத்த மகள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

பயிற்சிப் பெண் சின்னவள்தான். ஆனால் வந்ததும் முதலில் திட்டு. யாருக்கும் தெரியாமல் தட்டு மாற்றிச் சாப்பிட்டது பயிற்சியல்ல, தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிட்டது, இத்தனை நாள் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம் என்று சொன்னாள். கேண்டீன்காரம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். வேறு வழி? பிறகு அந்தப் பெண் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கை குடுங்கக்கா. இங்க வையுங்க. அழுத்த வேணாம், சும்மா தொட்டுக்கிட்டிருங்க."

மகளின் விரல்கள் அம்மாவின் தொண்டைமேல் இருந்தன. முதலில் கெட்டித் தண்ணீர். பிறகு மசித்த வாழைப்பழம். பிறகு கறியைப் பொடியாகக் கொத்திக் குழம்பில் நனைத்தது. ஒவ்வொரு தடவையும் தொண்டை மணி மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. மகள் அதைக் கையால் உணர்ந்தாள். இத்தனை நாள் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பயந்ததை இப்போதுதான் தொட்டாள்.

"இருமல் இல்ல, குரல்ல கரகரப்பு இல்ல. நல்லா ஏறுது" என்றாள் பயிற்சிப் பெண். "கொத்துக்கறி, குழைஞ்ச காய் சாப்பிடலாம். மொறுமொறுப்பு, உதிர்ற பிஸ்கட், பட்டாணி எதுவும் கூடாது. தண்ணி இன்னும் கெட்டிதான். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும். முக்கியமா, வாத்துக் கதை கூடாது."

டிரைவர் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் இருமியதில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. தாழ்வாரத்துத் துணியெல்லாம் வெளியே போனதில் இல்லமே பெரிதாகத் தெரிந்தது. கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். மகன்கள், மருமகள்கள், பேரக் குழந்தைகள், ஒரே இரைச்சல். சாப்பாட்டுக்கு முன் வாத்தியார் எழுந்து செய்தித்தாளை விரித்தார். அன்று முக்கியச் செய்தி எதுவும் இல்லை. வானிலை அறிக்கையை வாசித்தார். கைதட்டினார்கள்.

கேண்டீன்காரம்மாவுக்கு அவளுடைய பழைய ஜன்னலோர நாற்காலி. பக்கத்தில் மகள். அம்மாவின் தட்டில் உருண்டை இல்லை. கொத்துக்கறி கொத்துக்கறியாகவே இருந்தது, காய் காயாகவே இருந்தது. மகளின் தட்டில் எல்லோருக்கும் வைத்தது போலப் பொரித்த கோழியும், மெல்லிசாகச் சீவி வறுத்த உருளைக்கிழங்கும். மகள் அதைத் தொடவில்லை. அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள், தாடையைத் தாழ்த்தி விழுங்கினாள், மறுபடி விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள், சின்னப் பிள்ளை மருந்து குடித்துக் காட்டுவது போல.

"போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"இப்ப நீ."

மகள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள். பக்கத்தில் டிரைவர் தன் பல்லால் கோழியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேண்டீன்காரம்மா மகளின் தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்தாள். சிஸ்டர் தூரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். கேண்டீன்காரம்மா அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள். இத்தனை மாதம் மகள் ஊட்டிய கரண்டிக்கெல்லாம் ஒரே ஒரு வறுவல்.

"எனக்கு இது கூடாது. நீ சாப்பிடு. சத்தம் வர்ற மாதிரி கடி. நான் கேக்கணும்."

மகள் வாயைத் திறந்தாள். மொறுக்கென்று உடைந்தது. மென்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, ஆனால் மெல்வதை நிறுத்தவில்லை. கேண்டீன்காரம்மா கை நீட்டி, பயிற்சிப் பெண் காட்டிய அதே இடத்தில், மகளின் தொண்டையில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டை மணி ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது.

"இறங்கிடுச்சு" என்றாள் கேண்டீன்காரம்மா, பயிற்சிப் பெண்ணின் குரலிலேயே. பிறகு தன் குரலில் கேட்டாள்: "உப்பு எப்படி?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "கொஞ்சம் கம்மி."

"நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, உப்பு டப்பாவை எடுத்து மகளின் தட்டில் தூவினாள். மகள் யாரும் சொல்லாமலே அடுத்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.